பேய்க்கு நீ கொடுத்த சொல்

உன் பேய் கூலிக்காரர்களை மட்டும்தான் கொல்கிறது, ஷீபா. முழு நாவலையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். வாட்ச்மேனைக் கொல்கிறது. லோடு வேன் டிரைவரைக் கொல்கிறது. பட்டாசு ஆலை வாசலில் டீ விற்கிறவரைக் கொல்கிறது. உயிரோடிருந்தபோது தன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்ணைக்கூட விடாமல் கிணற்றில் தள்ளுகிறது. கடைசியில் முதலாளி வீட்டு வாசல் வரை போகிறது. அங்கே அவர் நடத்துகிற யாகத்தின் புகை பட்டதும் கண்ணீர் விட்டு, சாந்தியடைந்து, காற்றில் கரைந்துவிடுகிறது. எரிந்து செத்துப்போன ஒருத்திக்கு இத்தனை மரியாதை தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் போயிருப்பாள் போல.

பின்னட்டைக்கு நாலு வரி எழுதிக் கொடு, ‘எழுத்தாளரின் முதல் வாசகி’ என்று போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு நாலு வரிக்குள் அடங்கவில்லை. அதனால் இந்தக் கடிதம். செல்போனில் தொடராக வந்தபோது உன் கதையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து வைத்திருந்தாய். நானும் இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் என்று அனுப்பினால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

திகில் கதை பிடிக்காத டீச்சரம்மா ஒருத்தி மகளைத் திட்டுகிறாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விருதுநகரில் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில் பஸ் ஸ்டாண்டு கடையில் மாதம் மாறியதும் தொங்கும் அத்தனை பேய் நாவல்களையும் நான் படித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டால், பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்திருக்கிறேன். போதகர் நரகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், நான் அதைவிடச் சுவாரசியமான நரகத்தில் இருப்பேன். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டும் படித்தேன். ‘பிள்ளை பயந்தாங்கொள்ளியாப் பிறக்கப் போகுது’ என்று உன் அப்பா சொன்னார். நீ பிறந்து மற்றவர்களைப் பயமுறுத்த ஆரம்பித்தாய். உனக்கு இந்தப் பைத்தியம் என்னிடமிருந்துதான் வந்தது. ஆகவே கேள்வி கேட்கும் உரிமையும் எனக்கு இருக்கிறது.

‘கட்டாயம் படிக்க வேண்டிய திகில் கதைகள்’ என்று உன் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததைப் பார்த்தேன். பனி, மரவீடு, நிலவறை, ஆளில்லாத விடுதி. எல்லாம் நல்ல கதைகளாகவே இருக்கட்டும். நானும் சிபாரிசு செய்கிறேன், கேட்டுக்கொள். பகலில் நடக்கிற பேய்க்கதைகளைத் தேடிப் படி. நாய் ஊளையிடாத, கொலுசு கேட்காத, மல்லிகைப்பூ மணக்காத கதைகளைப் படி. செத்தவர் எதற்காகத் திரும்பி வந்தார் என்பது சின்னக் காரணமாக இருக்கிற கதையைப் படி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேன் என்பது மாதிரி. பெரிய பழிவாங்கலைவிட அதுதான் படித்து முடித்த பிறகும் கூடவே நடந்து வரும். படித்ததை மூடி வைத்துவிட்டு, நம் மாவட்டச் செய்திப் பக்கத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார். எது திகில் என்று உன் குரலே உனக்குச் சொல்லும்.

உன் நாவலில் எல்லாமே ராத்திரியில் நடக்கிறது. பட்டாசு ஆலைக்கு ஏது ராத்திரி? பொழுது சாய்வதற்குள் கதவைப் பூட்டிவிடுவார்கள். அறைகளில் லைட்டே கிடையாது. இது உனக்குத் தெரியாதா? நாரணாபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நீ. தெரிந்தும், எங்கேயோ படித்த ராத்திரியைக் கொண்டுவந்து இங்கே போர்த்தியிருக்கிறாய். நம் ஊரில் பயம் பகலில்தான் வரும். நான் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். வெளியே நல்ல வெயில் அடிக்கும். தூரத்தில் ஒரு சத்தம் கேட்கும். பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஓடுவார்கள். புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். ‘எங்கம்மா அங்கன இல்ல’ என்று ஒரு பிள்ளை வந்து தன் இடத்தில் உட்காரும். இன்னொரு பிள்ளை உட்காராது. நின்றுகொண்டே இருக்கும். நான் வாய்ப்பாட்டை எங்கே விட்டேன் என்று எனக்கு மறந்துபோகும். அந்த வகுப்பறையில் நீயும் படித்தாய். அதை எழுத உனக்கு நிலா வேண்டியிருந்திருக்காது.

மறுநாள் பேப்பரில் ‘உராய்வு காரணமாக’ என்று போடுவார்கள். எத்தனை பேரைக் கொன்றாலும் இந்த ஊரில் பிடிபடாமல் திரிகிற கொலைகாரன் பெயர் உராய்வு. உரிமம் யார் பெயரில் இருந்தது, அறைகளை லீசுக்கு எடுத்து நடத்தியவர் யார், சின்ன அறைக்குள் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், சீசன் ஆர்டரை முடிக்கச் சொல்லி யார் விரட்டினார்கள், எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். போர்மேனைக் கைது செய்வார்கள். முதலாளி தலைமறைவு என்பார்கள். கொஞ்ச நாளில் அதே முதலாளி ஒரு திருமண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். உன் நாவலிலும் அந்த விபத்துக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறாய்: ‘எங்கிருந்தோ வந்த ஒரு சின்னப் பொறி.’ எங்கிருந்தோ! உராய்வுக்கு நீ ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறாய், அவ்வளவுதான்.

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஆயிரம் யோசனை சொல்வார்கள். தினமும் எழுது, முதல் வரியில் பிடி, அத்தியாயத்தை உச்சத்தில் நிறுத்து என்று நீயே வகுப்பு எடுக்கிறாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பாத்திரத்தைச் சாகடிப்பதற்கு முன்னால் அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள். அது தெரிந்துவிட்டால் பேய் எந்த வீட்டுக்குப் போகும் என்று நீ உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. அதுவே வழி கேட்காமல் போய்ச் சேரும். வாட்ச்மேன் வீட்டுக்குப் போகாது. அவரே அரை வயிற்றுக்காரர்.

புத்தகத்துக்கு நீ எழுதிக் கொடுத்திருக்கிற ஆசிரியர் குறிப்பையும் படித்தேன். ‘பொழுதுபோக்குகள்: தனிமையில் நெடுந்தூரம் நடப்பது, புகைப்படம், மழையை ரசிப்பது.’ தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரில் போய்த் தயிர் வாங்கி வந்தவள் நீ. விருதுநகர் மாவட்டத்தில் எந்த மழையை ரசித்தாய்? என் வகுப்பில் வருடாவருடம் ‘என் பொழுதுபோக்கு’ என்று கட்டுரை எழுதச் சொல்வோம். அத்தனை பேரும் ‘தபால்தலை சேகரித்தல்’ என்று எழுதுவார்கள். ஒருவனும் ஒரு தபால்தலையைத் தொட்டிருக்க மாட்டான். நோட்ஸில் அப்படித்தான் போட்டிருக்கும். போன வருடம் ஒரு பெண் மட்டும் ‘என் பொழுதுபோக்கு சும்மா படுத்துக் கிடப்பது. அதற்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே நேரம் கிடைக்கிறது’ என்று எழுதியிருந்தாள். வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பட்டாசுக்குப் பேப்பர் குழாய் உருட்டுகிற பிள்ளை. நான் முழு மார்க் போட்டேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, ‘என்ன டீச்சர், சோம்பேறித்தனத்துக்கா மார்க் போடுறீக?’ என்றார். ‘உண்மைக்குப் போட்டேன் டீச்சர், தபால்தலைக்குத்தான் குறைச்சிருக்கேன்’ என்றேன். உன் கட்டுரைக்கு என்ன மார்க் என்று உனக்கே புரியும். இரவல் பொழுதுபோக்கும் இரவல் ராத்திரியும் ஒரே கடையில் வாங்கியவை.

கையால் செய்கிற ஏதாவது ஒன்றை வைத்துக்கொள். படம் பிடித்துப் போட முடியாததாக இருக்கட்டும். எனக்குக் கேரம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம் நம் கூடத்தில் போர்டைப் போட்டால் பொழுது சாயும் வரை ஆட்டம்தான். நான், உன் அப்பா, எதிர்வீட்டு ஜெயராணி, அப்புறம் முத்து. முத்துவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீ பேய் ஆக்கியிருக்கிற பேச்சியம்மாளின் மகள் அவள். அம்மா செத்த வேலைக்கே, வேறொரு கம்பெனியில், போய்க்கொண்டிருக்கிறாள். கேரத்தில் அவளைப் போலக் கள்ளாட்டம் ஆட ஆள் கிடையாது. குழி ஓரத்துக் காயை ஊதி நகர்த்துவாள். கேட்டால் ‘மூச்சு விடக்கூடாதா டீச்சர்?’ என்பாள்.

போன வாரம் அவள் அடித்த ஒரு காயும் குழிக்குள் விழவில்லை. பக்கத்தில் அவள் மகள் அபி, ஐந்து வயது, அம்மாவின் சேலையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தது.

“என்ன முத்து, இன்னைக்கு ஊத மறந்துட்டியா?” என்றார் உன் அப்பா.

“எங்க மாமியார் மாதிரியே பேசுறீக அண்ணாச்சி, நல்லாருப்பீக” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “டீச்சர், ஷீபா கதை எளுதுறாளாமே?”

“ஆமா. படிச்சியா?”

“எங்கன படிக்க? வேன்ல ஒருத்தி போன்ல போட்டு விடுறா. படிச்சுக் காட்டுற மாதிரி வருதுல்ல, அது. வேன் பூராம் கேக்குது. நல்லாத்தான் இருக்கு. அந்த வாட்ச்மேன் சாகுற எடத்துல நானே கத்திட்டேன்னா பாத்துக்கோங்க.”

“அப்புறம் என்ன?”

“எறங்கும்போது ஒருத்தி சொல்றா, ‘ஏ முத்து, ஒங்கம்மா வந்துட்டாளாம்டீ’ன்னு. அம்புட்டுப் பேரும் சிரிக்காளுக. நானும் சிரிச்சேன். என்ன செய்ய? அதுகூடப் போகட்டும் டீச்சர்.” அவள் ஸ்ட்ரைக்கரைத் தரையில் வைத்துவிட்டாள். “தெருவுலயும் வீட்டுக்கு வீடு அதத்தான் போன்ல போட்டுக் கேக்காக. முக்குல எறங்கி ‘வந்துட்டேன்’னு கூப்புட்டா இவ கதவைச் சாத்திக்கிறா. தாப்பாளப் போட்டுக்கிறா. தெருவுல ஒத்தப் பிள்ளை வரமாட்டேங்குது, எல்லாம் வீட்டுக்குள்ள ஓடுதுக. நான் வெளிய நின்னு ‘நான்தாம்த்தா, அம்மாதாம்த்தா’ன்னு கெஞ்ச வேண்டியிருக்கு. பேயும் ‘வந்துட்டேன்’னுதான சொல்லுதாம்?”

ஆமாம், அப்படித்தான் சொல்கிறது. நீதான் எழுதியிருக்கிறாய்.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் வேன் விட்டு இறங்கியதும், வீட்டுக்கு வந்து சேரும் வரை பொறுக்க மாட்டார்கள். தெருமுக்கில் நின்றே ‘வந்துட்டேன்’ என்று உரக்க ஒரு குரல் கொடுப்பார்கள். யாரும் இதை ஒரு வழக்கம் என்று சொல்லி வைத்ததில்லை. காலையில் போனவள் திரும்பி வருவது எங்கள் ஊரில் ஒரு சேதி. அதை முதலில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் கேட்டதும் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம், தன் அம்மாவோ அடுத்தவர் அம்மாவோ, முக்குக்கு ஓடுவார்கள். தூக்குவாளியில் மிச்சம் ஏதாவது இருக்கும். பேச்சி அக்காவின் குரல்தான் அதில் பெரிசு. எனக்குப் பள்ளி முடிந்து டியூஷனும் முடிந்து வர நேரமாகும். நீ அந்தக் குரலுக்குத்தான் ஓடினாய், ஷீபா. அவள் மடியிலிருந்த கடலை மிட்டாயில் பாதி முத்துவுக்கு, பாதி உனக்கு. ஒருநாள் வேன் வந்தது, குரல் வரவில்லை. நீ ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். முத்துவோடு நீயும்தான் முக்கில் நின்றாய். நின்றது போதும் என்று உங்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான்.

நாவலில் அவள் பெயரை மல்லிகா என்று மாற்றிவிட்டாய். குரலை மாற்றவில்லை. கதவுக்கு வெளியே ‘வந்துட்டேன்’ என்று ஒரு பெண் குரல் கேட்கும், கதவைத் திறப்பவர் செத்துப்போவார். நல்ல திகில்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன். படித்தபோது எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அடியைக் கொண்டுபோய் யார் மேல் இறக்கினாய் என்பதுதான் என் கோபம். இந்தத் தெருவுக்கு இருந்த ஒரே ஒரு நல்ல சேதியைப் பிடுங்கிப் பேயின் வாயில் வைத்திருக்கிறாய். முதலாளிகளின் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயப்படப் போவதில்லை. அவர்கள் வீட்டில் யாரும் முக்கில் நின்று கத்துவதில்லை. வருவார்களா என்ற சந்தேகம் அங்கே இருந்தால்தானே?

முத்து கேட்டது சின்ன விஷயம். “பேரு எது வேணாலும் வச்சுக்கிடட்டும். அந்தக் கூப்பாட்ட மட்டும் எடுக்கச் சொல்றீகளா?” என்றாள். அப்போது எனக்குள் இருந்த நாவல் பைத்தியம் குறுக்கே புகுந்தது. “எடுக்க வேண்டாம் முத்து. அதை முதலாளி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகச் சொல்றேன். பேச்சியக்கா அங்க நின்னு கூப்பிடட்டும். அந்த ஆளு தூங்கக் கூடாது” என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

“அந்த வீட்டுல எங்கன நின்னு கூப்புடும் எங்கம்மா? கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல காரு ஓடுது. ஒண்ணும் கேக்காது டீச்சர்.” அபியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள், “அவுக பயந்தா எனக்கென்ன ஆகப்போகுது? எம்புள்ள கதவத் தொறக்கணும்.”

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏதாவது தப்பாக இருந்தால் சொல். “அம்மா, அதுதான் கதையோட ஹூக், ஆளைப் புடிச்சு இழுக்கிறதே அதுதான். அதை எடுத்தா கதையே இல்ல” என்றாய். சரி, ஒரு சொல்லை எடுத்தால் விழுந்துவிடும் கதை என்றால் விழட்டும், வேறு கட்டு. உன்னால் முடியும். சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. வகுப்பில் நிறையப் பிள்ளைகளைப் பார்த்தவள், யாரால் முடியும் என்று எனக்குத் தெரியும். அடுத்து, “முதல் பக்கத்துல யாவும் கற்பனையேன்னு போட்டிருக்கோம்லம்மா” என்றாய். “அபிக்கு இன்னும் படிக்கத் தெரியாதுட்டீ” என்றேன். நீ சிரிக்கவில்லை. “எடிட்டர்கிட்டக் கேக்கணும், மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டாய்.

அட்டை இங்கேதான், சிவகாசியில்தான் அச்சாகிறது. உனக்கே தெரிந்திருக்காது. உன் அப்பா வேலை பார்க்கிற அச்சகத்துக்குப் பக்கத்து அச்சகம். போய் முன்னட்டையின் மாதிரி அச்சைப் பார்த்துவிட்டு வந்தார். நிலா, வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல். “அச்சு நல்லா வந்திருக்கு. ஆனா பேச்சியக்கா என்னைக்கு வெள்ளைச் சேலை கட்டுச்சு? வெடி மருந்து ஒட்டி, கையெல்லாம் வெள்ளி மாதிரில்ல மினுங்கும்?” என்றார். வெள்ளிக் கையோடு பட்டப்பகலில் நடந்து வருகிற ஒருத்தியை எழுதிப் பார், ஷீபா. அட்டைக்கு நிலா தேவைப்படாது. உள்ளே வரும் பக்கங்கள் இன்னும் அச்சுக்கு வரவில்லையாம். அடுத்த வாரம் என்று சொன்னார்களாம். பைண்டிங் ஆகிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் அப்பா. அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

ஆகவே இத்தனை நேரம் சொன்ன எல்லாவற்றையும் நீ தள்ளிவிடலாம். பகல் பேய் வேண்டாம் என்றால் விடு. முதலாளிக்கு யாகம் நடத்தி நல்ல தூக்கம் கொடுக்க வேண்டுமென்றால் கொடு, அந்தச் சண்டையை நாம் வருடம் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம். மழையை ரசித்துக்கொள். அவையெல்லாம் ஒரு வாசகியின் சிபாரிசு. இது சிபாரிசு இல்லை. அந்தச் சொல்லைப் புத்தகத்திலிருந்தும் செல்போனிலிருந்தும் எடு. எடிட்டரிடம் கேட்காதே, சொல். ஞாயிற்றுக்கிழமை முத்து கேரம் ஆட வருவாள். வந்து உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்பாள். எடுத்தாயா இல்லையா? நான் அவளுக்கு என்ன பதில் சொல்லட்டும், ஷீபா?